இடுப்பில் ஒரு கிலோ

வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு எடுக்கலாம், எந்த நடிகர் அடுத்து கோலாலம்பூருக்கு வருகிறார், பழைய காடியை விற்க இது நல்ல நேரமா என்று எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன் வரும். போன தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கிள்ளானிலிருந்து என் தாய்மாமன் கூப்பிட்டார்.

"ஏம்மா, இடுப்புல துப்பாக்கி வச்சா வெளியில தெரியாம இருக்கணும். அதுக்கு எந்த மாதிரி உறை நல்லது? நீதான் எதையும் தேடிக் கண்டுபிடிப்பியே, கொஞ்சம் பாரேன்."

செருப்பு வாங்கப் போகிறவர் அளவு கேட்பதுபோல் கேட்டார். நான் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஊற்ற வந்தவர் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாமாவுக்கு அறுபது வயது. கிள்ளானில் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறார். ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளி விளக்குகள் தொங்கும் பெரிய கடை இல்லை. அதற்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒற்றைக் கதவுக் கடை. தாலிக்கொடி மாற்றவும், குழந்தைக்குக் காப்பு வாங்கவும், கம்மலின் திருகாணி தொலைந்தால் புதிது போடவும் 30 வருடமாக அதே குடும்பங்கள் வருகின்றன. அப்படிப்பட்ட கடையின் வாசலில் அதற்கு முந்தைய வருடம் ஒரு ராத்திரி, ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் பாராங். மாமா பையை விடவில்லை. இடது மணிக்கட்டில் ஏழு தையல். பையும் போனது.

தையல் பிரித்த பிறகுதான் மாமா மாறியது எங்களுக்குத் தெரிந்தது. காடி ஓட்டும்போது சாலையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தார். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து கிரில்லைத் தட்டிப் பார்ப்பார் என்று அத்தை சொன்னார். பிறகு, லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி ஒருவரின் யோசனையில், துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. உறை பற்றி என்னிடம் கேட்டதுதான் குடும்பத்துக்கு வந்த முதல் தகவல்.

நம் நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவும் முடியாது, எடுத்துச் செல்லவும் முடியாது. லைசென்ஸ் கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. கேட்பது நம் கையில் இருக்கிறது. கிடைப்பது நம் உரிமை இல்லை. லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருக்கிறது. வைத்திருந்ததற்கு மட்டுமே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. குற்றம் செய்யும்போது ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ சுட்டால் முன்பு கட்டாய மரண தண்டனை. 2023 ஜூலை முதல் அந்தக் 'கட்டாயம்' நீங்கி, மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறை என்று நீதிபதி தீர்மானிக்கும்படி ஆகியிருக்கிறது. மாமா சட்டத்துக்கு உட்பட்டுத்தான் போகிறார். அதனால் நானும் மறுக்காமல் தேட ஆரம்பித்தேன்.

எனக்குத் துப்பாக்கி என்றால் சினிமாதான். கதாநாயகன் சட்டையைத் தூக்குவார், பின்னிடுப்பில் செருகியிருப்பார், உருவிச் சுடுவார். ஓடும்போது விழாது. உட்காரும்போது குத்தாது. இதையெல்லாம் சரிபார்க்க, போலீஸில் 30 வருடம் இருந்து ஓய்வுபெற்ற நேயர் ஒருவரிடம் பேசினேன். காலை நிகழ்ச்சிக்கு அடிக்கடி அழைத்துப் பழைய பாடல் கேட்பவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.

"உங்க மாமாவ முதல்ல பெல்ட் வாங்கச் சொல்லுங்கம்மா. உறைய அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இது. ரிவால்வரில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று சட்டகத்தின் அளவு மாறும். சின்னதில் பெரும்பாலும் 5 தோட்டா. நடுத்தரத்தில் 6. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899இல் கொண்டுவந்த .38 ரிவால்வரின் வம்சத்தில் வந்த 'மாடல் 10' இந்த நடுத்தர வகை. உலகம் முழுக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் இருந்தது அதுதான். 4 அங்குலக் குழல் உள்ளது வெறுமனே 950 கிராம் அளவில் இருக்கும். 6 தோட்டாவைப் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டும். நாம் கட்டும் சாதாரண பெல்ட் அந்த எடைக்கு வளையும், தொங்கும், திரும்பும். ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோலாகத் தைத்த கெட்டி பெல்ட் இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உறையும் இடுப்பில் நிற்காது.

அடுத்தது உறை. நல்ல உறைக்கு அவர் சில அடையாளங்கள் சொன்னார். விசை இருக்கும் வளையத்தை அது முழுதாக மூட வேண்டும். சட்டை நுனியோ விரலோ சாவிக்கொத்தோ அங்கே நுழைய இடம் இருக்கக் கூடாது. குனிந்தாலும் ஓடினாலும் தடுக்கி விழுந்தாலும் துப்பாக்கி உள்ளேயே இருக்க வேண்டும். அதற்காகச் சில உறைகளில் கட்டைவிரலால் திறக்கும் வார் இருக்கும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வைக்க இரண்டு கை வேண்டும், கண்ணும் கீழே போகும். "எடுக்கறப்ப நடக்கிற விபத்தவிட திருப்பி வைக்கிறப்ப நடக்கிறத நான் அதிகமா பாத்திருக்கேன்" என்றார்.

தோலா, பிளாஸ்டிக்கா? தோல் உடம்போடு ஒத்துப்போகும், உரசாது. ஆனால் நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குள்ளேயே துப்பாக்கியைப் போட்டு வைத்தால் துருப்பிடிக்கும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த உறைக்கு வியர்வை ஒன்றும் செய்யாது. ஆனால் இடுப்பெலும்பில் இடிக்கும்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய தலைவலி. மற்றக் கைத்துப்பாக்கிகள் தட்டையாக இருக்கும். ரிவால்வருக்கு நடுவில் உருளை இருக்கிறது. நடுத்தர வகையில் அதன் குறுக்களவே ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கால்சட்டைக்கு உள்ளே வைக்கும் உறை என்றால் நன்றாக மறையும். ஆனால் இடுப்பளவு பெரிதாகக் கால்சட்டை தைக்க வேண்டும். வெளியே பெல்ட்டில் மாட்டினால் வசதி. ஆனால் மேலே தளர்வான சட்டை வேண்டும். அக்குளுக்குக் கீழே தொங்கும் உறைக்குக் கோட்டு வேண்டும். கிள்ளான் வெயிலில் கோட்டுப் போட்ட நகைக்கடைக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கணுக்காலுக்கு இந்த எடை அதிகம். சினிமாக்காரர்கள் வைக்கும் பின்னிடுப்பு இருப்பதிலேயே மோசம். மல்லாக்க விழுந்தால் இரும்பு முதுகெலும்பில் இறங்கும். குழல் நீளமாக இருப்பதுகூடப் பெரிய பிரச்சினை இல்லையாம். அது கீழே போய்விடும். காட்டிக்கொடுப்பது எப்போதும் கைப்பிடிதான்.

"நம்ம நாட்டுல ஒரே ஒரு நல்லது இருக்கும்மா. பாத்தேக் சட்டை. எதையும் மறைக்கும்" என்று முடித்தார்.

இதையெல்லாம் நான் மாமாவிடம் ஒப்பித்தபோது அவர் குறித்துக்கொண்டார். உடனே ஒரு யோசனையும் சொன்னார். லைசென்ஸ் வரும்வரை பழகிப் பார்க்க, அசல்போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி ஒன்று வாங்கலாமா? அசலைப் போன்ற போலித் துப்பாக்கிக்கும் அதே ஆயுதச் சட்டம் தடை போட்டிருக்கிறது என்று சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எடைக்கல்ல வச்சுப் பாக்கறேன்" என்றார்.

என் தாத்தா தோட்டத்தை விட்டு வந்து கிள்ளானில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவருடைய தராசு போய்விட்டது. ஒரு கிலோ இரும்பு எடைக்கல் மட்டும் மாமாவின் கடையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருந்தது. அதை ஒரு தோல் பையில் போட்டு, புதிய கெட்டி பெல்ட்டில் வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் மாட்டிக்கொண்டார். மேலே பாத்தேக் சட்டை. 14 நாள் அப்படியே இருந்து பார்ப்பது என்று முடிவு. ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு அறிக்கை வரும்.

முதல் நாள்: காடியில் உட்கார்ந்தால் இருக்கைப் பெல்ட்டின் கொக்கி எடைக்கல்லுக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. காடியில் இருக்கும்போது ஆபத்து வந்தால் எடுக்கவே முடியாது.

இரண்டாம் நாள்: கடையில் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து வளையல் பெட்டியை எடுத்தபோது சட்டை மேலே ஏறிவிட்டது. 20 வருட வாடிக்கையாளர் ஒருவர், "என்ன தவுக்கே, இடுப்புல கட்டியா? டாக்டரப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மாமா கோயிலுக்கு வேட்டிதான் கட்டுவார். வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் முழுதாகச் சொல்லவில்லை. அத்தைதான் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்து முடித்த பிறகு மாமா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "கோயிலுக்குப் போறப்ப அத எங்கம்மா வைக்கிறது? காடியில விட்டுட்டுப் போக முடியுமா? யாராச்சும் எடுத்துட்டா என் பேர்லதானே இருக்கும்?"

ஆறாம் நாள்: கல்யாண மண்டபத்துக் கழிவறை. பெல்ட்டைக் கழற்றினால் எடைக்கல்லை எங்கே வைப்பது? ஜன்னல் மேட்டில் வைத்தார். மறந்துவிட்டு வந்தார். பாதித் தூரம் வந்து திரும்பி ஓடினார். எடைக்கல் அங்கேயே இருந்தது. "எடைக்கல்லா இருந்ததால இருந்துச்சு" என்றார்.

ஒன்பதாம் நாள் விஷயம் பாட்டிக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டிக்கு 87 வயது. மாமா வீட்டில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். ஆனால் கேட்கக் கூடாததெல்லாம் கேட்கும். அன்று புதன்கிழமை. நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போயிருந்தேன். கூடத்தில் மாமாவும் நானும் உறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாட்டி கையிலிருந்த கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.

"துப்பாக்கியா? டேய், கணபதிய மறந்துட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டி பிறந்து வளர்ந்தது ரவாங் பக்கத்துத் தோட்ட லயத்தில். 1949இல் அவருக்கு 11 வயது. தம்பிக்கோட்டையில் பிறந்து சிறுவயதிலேயே கடல் கடந்து வந்தவர் எஸ்.ஏ. கணபதி. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். தோட்டப் பாட்டாளிக்குக் கூலி உயர வேண்டும் என்று பேசியவர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அதற்குச் சில நாள் முன்பே சம்மேளனம் முடக்கப்பட்டிருந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று விதி வந்தது.

1949 மார்ச் 1 அன்று ரவாங் அருகே கணபதி கைதானார். அவரிடம் ஒரு ரிவால்வரும் தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. அதைப் போலீஸிடம் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார் என்று நம் மக்களிடையே இன்றும் சொல்லப்படுகிறது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மார்ச் 15 தூக்குத் தண்டனை. இந்திய அரசாங்கம் தலையிட்டது, நேரு முயன்றார், லண்டனில் கிருஷ்ண மேனன் முயன்றார். மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைதிலிருந்து தூக்கு வரை 64 நாள்.

இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பாட்டிக்கு இந்தத் தேதிகள் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு.

"அன்னிக்கு லயத்துல யாரும் அடுப்பு மூட்டல. எங்கப்பா வெளியில வந்து உக்காந்தாரு, பேசவே இல்ல. ஏம்ப்பா தூக்குல போட்டாங்கன்னு கேட்டேன். துப்பாக்கி வச்சிருந்தாரும்மான்னாரு. நான் கேட்டேன், நம்ம தொரகூடத்தானே வச்சிருக்காரு? பெரட்டுக்கு வர்றப்ப தெனமும் இடுப்புல தொங்குதே, அவர மட்டும் ஏன் ஒண்ணும் செய்யலன்னு. எங்கப்பா என் வாயப் பொத்துனாரு."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. துரையின் துப்பாக்கி பளபளக்கும் தோல் உறையில் எல்லோரும் பார்க்கும்படி தொங்கியது. அது தெரிய வேண்டும் என்பதற்காகவே தொங்கியது. இரண்டு வாரமாக நான் 'தெரியாமல் இருப்பது எப்படி' என்று தேடிக்கொண்டிருந்தேன். பாட்டியின் காலத்தில் துப்பாக்கியை வெளியில் மாட்டிக்கொள்ள முடிந்தவர்கள் இருந்தார்கள். மறைத்து வைக்க வேண்டியிருந்தவர்களின் கழுத்துக்குக் கயிறு காத்திருந்தது. அந்த வித்தியாசம் பாட்டிக்கு 11 வயதிலேயே தெரிந்திருக்கிறது.

எல்லா வழக்கும் அப்படி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜொகூரில் 1948 செப்டம்பரில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர் பிடிபட்டார். ரிவால்வர் வைத்திருந்தார் என்று ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்தார் என்று இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை. ரிவால்வருக்கு மறுவிசாரணை நடந்து தூக்குத் தீர்ப்பு வந்தது. லண்டனில் பிரிவி கவுன்சில் 1950இல் அதை ரத்து செய்தது. ஒரு குற்றத்திலிருந்து ஒருவர் விடுதலையானால் அந்த விடுதலை எல்லா வகையிலும் செல்லும்; அதை மறந்துவிட்டு அதே வாக்குமூலத்தைக் காட்டி இன்னொரு குற்றத்தை நிரூபிக்க முடியாது என்றார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. ஓர் உயிர் தப்பியது. ரவாங்கில் பிடிபட்டவருக்கு 64 நாள்தான் கிடைத்தது.

"அம்மா, அது வெள்ளக்காரன் காலம். நான் லைசென்ஸ் எடுத்துத்தானே வைக்கப் போறேன்" என்றார் மாமா.

"லைசென்ஸ் பேப்பர் உன் பீரோவுல இருக்கும். துப்பாக்கிதான் இடுப்புல இருக்கும். ராத்திரி இருட்டுல பாக்கறவனுக்கு எது தெரியும்?" என்றார் பாட்டி.

மாமாவுக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று இடது கையை நீட்டினார். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. "அப்போ நான் என்ன செய்யணும்? அவன் மறுபடி வந்தா இந்தக் கையையும் நீட்டணுமா?"

அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. வெட்டுப்பட்டது அவர் கை. கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் பாட்டுப் போடுகிற நான் அவருக்கு அகிம்சை சொல்லிக் கொடுக்க முடியாது. அதனால் நான் பேசாமல் இருந்தேன்.

மறுநாள் ஓய்வுபெற்ற போலீஸ்காரரிடம் மாமாவையே பேசவைத்தேன். அவர் ஒரு பழைய கணக்கைச் சொன்னார். அமெரிக்காவில் டென்னிஸ் டியூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் 1983இல் எழுதியது. கத்தி வைத்திருப்பவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் ஓடிவந்து தொட்டுவிடுவான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் திறந்த உறையிலிருந்து எடுத்துக் குறிபார்த்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகும். "உங்க கடை எத்தன அடி அகலம்?" என்று கேட்டார். மாமா யோசித்தார். கடை 20 அடிகூட இல்லை. அதிலும் உறை சட்டைக்கு அடியில் இருக்கிறது; சட்டையைத் தூக்க வேண்டும், வாரைத் திறக்க வேண்டும், தழும்புக் கையில் வேறு பை இருக்கும்.

"துப்பாக்கி வேணாம்னு நான் சொல்லலண்ணே. வச்சீங்கன்னா மாசா மாசம் சுட்டுப் பழகணும், தெனமும் எடுத்துப் பழகணும், பூட்டி வைக்கணும், எங்க போனாலும் அது எங்க இருக்குன்னு ஞாபகம் வச்சிருக்கணும். செய்ய முடியும்னா வையுங்க" என்றார். மாமா நன்றி சொல்லி வைத்தார். அப்போதும் முடிவு செய்யவில்லை. எடைக்கல் இடுப்பிலேயே இருந்தது.

முடிவு 13ஆம் நாள் வந்தது. அதை நான் பார்க்கவில்லை, மாமாவே சொன்னார். மாமாவின் பேத்திக்கு 4 வயது. தாத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். 4 வயதுப் பிள்ளையின் கைகளும் நெற்றியும் எட்டுகிற உயரம் எது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அது சரியாக நம் இடுப்பு. அன்று ஓடிவந்த வேகத்தில் நெற்றி எடைக்கல்லில் மோதியது. புடைத்துவிட்டது. அழுது முடித்த பிறகு, "தாத்தா, இது என்ன?" என்று சட்டையைத் தூக்கிப் பார்த்து, பையின் வாரை அவளே இழுத்துத் திறந்தாள். மாமா தடுப்பதற்குள் கை உள்ளே போய்விட்டது.

"ஒன்றரை நொடிகூட ஆகலம்மா" என்றார் மாமா போனில். அதற்கு மேல் அன்று எதுவும் பேசவில்லை.

அடுத்த வாரம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதோடு சும்மா இருந்துவிடவில்லை. கடைக்கு இரண்டு கதவு போட்டார். முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது திறக்கும், அதுவும் உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால்தான். வெளிச்சம் இருக்கும்போதே கடையை மூடுகிறார். நகை எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. கடைப் பெட்டகத்திலேயே இருக்கிறது, காப்புறுதி எடுத்திருக்கிறார். பணத்தை எடுத்துப் போக நிறுவனத்து ஆட்கள் வருகிறார்கள். அவருக்குப் பிடிக்காத செலவு அது. ஆனால் சாயங்காலம் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்து போகிறார். பை இல்லாதவனை மோட்டாரில் வருகிறவன் ஏன் நிறுத்தப் போகிறான் என்பது அவர் கணக்கு.

தீபாவளி கழிந்து பாட்டியைக் கோலாலம்பூருக்கு அழைத்து வந்திருந்தேன். பூடு சிறை இருந்த இடத்தில் இப்போது லாலாபோர்ட் வணிக வளாகம் நிற்கிறது, 2022இல் திறந்தது. சிறையின் பழைய வாசல் வளைவை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். பாட்டி சக்கர நாற்காலியில் இருந்தபடி அதை அண்ணாந்து பார்த்தார். "இதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு இந்தப் பக்கமா வெளிய வரவே இல்ல" என்றார். பிறகு ஐஸ் கிரீம் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

லைசென்ஸ் உள்ளவர்கள், தொழில் காரணமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால், உங்கள் முடிவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கெட்டி பெல்ட், விசையை முழுதாக மூடும் உறை, இடைவிடாத பயிற்சி, வீட்டில் பூட்டும் பெட்டி ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த இரும்பு உங்களுக்குக் காவல் இல்லை என்று மட்டும் ஒரு போலீஸ்காரரிடம் கேட்டதைச் சொல்கிறேன். யோசித்துக்கொண்டிருப்பவர்கள், முதலில் ஒரு கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு 14 நாள் வீட்டுக்குள் நடந்து பாருங்கள்.

கதை இங்கே முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், அடுத்த தெருவில் ஒரு கடையில் கொள்ளை நடந்தது. யாருக்கும் காயமில்லை. அன்று ராத்திரி 2 மணிக்கு மாமா கூப்பிட்டார்.

"நான் செஞ்சது சரிதானாம்மா?"

தெரியவில்லை மாமா என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. போனை வைக்கவும் மனம் வரவில்லை. மறுமுனையில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது. கிரில்லைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். பேத்தி என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பக்கத்து அறையில் தூங்குகிறாள் என்றார். நாளைக்குக் கடை திறப்பீர்களா என்று கேட்டேன். திறக்காமல் எப்படி, ஒரு பிள்ளைக்குக் காது குத்த வருகிறார்கள் என்றார். அந்தக் கம்மலின் டிசைனை எனக்கு விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் 3 மணி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.